வரைபடத்தில் ஒரு கறுப்புப் பொட்டு

துளி விழுந்ததும் மஞ்சள் கறுத்தது.

கொஞ்சம் கொஞ்சமாக அல்ல. தீக்குச்சி பற்றிக்கொள்ளும் வேகத்தில். வெள்ளைப் பீங்கான் ஓட்டின் மேல் குவித்திருந்த தூளின் நடுவே ஒரு கருநீலப் புள்ளி தோன்றியது. அது பரவியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குவியல் முழுவதும் மை கொட்டினது போல ஆகிவிட்டது.

ஒன்பதாம் தரத்துப் பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். அடுத்த நொடி வகுப்பே கூரை பறக்கக் கத்தியது.

"மா! டீச்சர், மா கலந்திருக்கு!"

சொட்டுக்குழாயைப் பிடித்திருந்தது சஹ்லாவின் கை. அவள் இன்னும் அதைக் கீழே வைக்கவில்லை. அது அவள் கொண்டுவந்த மஞ்சள். கொழும்பின் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் குறுகிய ஒழுங்கையில் அவளுடைய வாப்பா ஸவாஹிர் வைத்திருக்கும் கடையில், கண் முன்னாலேயே அரைத்துத் தரும் மஞ்சள்.

துஷாந்தினி டீச்சருக்கும் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அந்த அதிர்ச்சியின் அடியில் வேறொன்றும் இருந்தது. அதைப் பின்னால் நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கூசும். அது சந்தோஷம்.

அவள் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இரசாயனவியலில் நல்ல பட்டம். ஆனால் குரல்தான் எழும்பாது. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு கதைப்பாள். பின்வாங்கிலிருந்து "டீச்சர், கேக்கேல்ல" என்று நாளுக்கு ஒருவராவது சொல்வார்கள். கேட்காத பாடத்தை யார் கவனிப்பார்கள்? அதனால்தான் அவள் 'குசினி ஆய்வுகூடம்' என்ற செயற்றிட்டத்தைத் தொடங்கினாள். வகுப்பை ஆறு குழுவாகப் பிரிப்பது. ஒவ்வொரு குழுவும் ஒரு சமையல் சாமானை வீட்டிலிருந்து கொண்டுவருவது. எந்தக் கடையில் வாங்கியது என்று பொட்டலத்தில் எழுதுவது. அயடீன் கரைசலால் சோதித்து மாப்பொருள் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது. முதலில் அவளே அரிசிமாவில் ஒரு துளி விட்டு, "மா இருந்தா இப்பிடித்தான் கறுக்கும்" என்று காட்டினாள்.

சுவரில் டிமை என்னும் பெரிய தாள்களை ஒட்டி வெள்ளவத்தையின் வரைபடம் ஒன்றைப் பிள்ளைகள் வரைந்திருந்தார்கள். காலி வீதி, ரயில் பாதை, கடல், ஒழுங்கைகள், கடைகள். முடிவைக் குறிக்க ஒட்டுப்பொட்டு. சுத்தமான சாமானென்றால் அந்தக் கடைக்குப் பச்சைப் பொட்டு. கலப்படமென்றால் கறுப்புப் பொட்டு. சாமானைக் கொண்டுவந்த பிள்ளைதான் பொட்டை ஒட்டவேண்டும். பொட்டு யோசனை மாணவிகளுடையது. அதைக் கேட்டதும் வகுப்பு சிரித்த சிரிப்பில், தனக்கும் படிப்பிக்க வரும் என்று துஷாந்தினிக்கு முதல்தடவையாகத் தோன்றியது.

ஒரே சாமானை இரண்டு குழு கொண்டுவந்தால் அலுத்துவிடும் என்று அவள் நினைத்தாள். ஆகவே மிளகாய்த்தூள் ஒரு குழுவுக்கு, பால்மா ஒரு குழுவுக்கு, சீனி, நெய், உப்பு, மஞ்சள் என்று சீட்டுப் போட்டுக் கொடுத்தாள். சஹ்லாவின் குழுவுக்கு விழுந்தது உப்பு. அவள்தான் மற்றக் குழுவிடம் கெஞ்சி மஞ்சளை மாற்றி வாங்கினாள்.

"எங்கட கடை மஞ்சளப் பாருங்களேன். பச்சப் பொட்டு இப்பவே எடுத்து வைங்க" என்று பொட்டலத்தை ஆட்டிக் காட்டினாள்.

மற்ற ஐந்தும் கறுக்கவில்லை. ஐந்து பச்சைப் பொட்டுகள் ஏறிவிட்டன. வகுப்பு சலித்துப்போயிருந்தது. கடைசியாக வந்தது மஞ்சள்.

"அப்ப இதில அரிசிமாவோ கோதுமைமாவோ கலந்திருக்கு" என்றாள் துஷாந்தினி. அவளுடைய குரல் பின்வாங்கு வரை போனது. "இதைத்தான் கலப்படம் எண்டு சொல்லுறது."

ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? மஞ்சள் இறக்குமதி நின்றுபோய், ஒரு கரண்டித் தூளைப் பவுண்போலப் பொத்திவைத்த காலத்தை அந்தப் பிள்ளைகள் வீட்டில் பார்த்தவர்கள். மஞ்சளில் மா கலக்கிறார்கள் என்பது கொழும்பில் அப்போது எல்லோரும் கதைத்த கதை. பாடசாலை இப்போது அதைக் கண்முன்னால் காட்டிவிட்டது.

"சஹ்லா, இனி உங்கட கடையில மஞ்சள் வாங்கி ரொட்டி சுடலாம் என்ன?" என்றான் ஹரிசன். அவனிடம்தான் துஷாந்தினி தன்னுடைய போனைக் கொடுத்து வீடியோ எடுக்கச் சொல்லியிருந்தாள். வகுப்பு வெடித்துச் சிரித்தது. துஷாந்தினியின் வாயோரமும் கொஞ்சம் விரிந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டாள். சஹ்லா அதைப் பார்த்துவிட்டாளா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பொட்டு, டீச்சர்" என்று யாரோ ஞாபகப்படுத்தினார்கள்.

சஹ்லா எழுந்து போனாள். அட்டையிலிருந்து ஒரு கறுப்புப் பொட்டை நகத்தால் கிளப்பினாள். தன் வாப்பாவின் கடைப் பெயரை அவளே தன் வட்டமான எழுத்தில் வரைபடத்தில் எழுதியிருந்தாள். அதன்மேல் பொட்டை வைத்து, பெருவிரலால் அழுத்தினாள். பொட்டு ஒட்டிக்கொண்டபிறகும் விரலை எடுக்கவில்லை.

பின்னேரம் பஸ்ஸில் வரும்போது துஷாந்தினி அந்த வீடியோவைப் பெற்றோரும் இருக்கும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். கொரோனா காலத்தில் தொடங்கிய குழு அது. எந்தச் செயற்பாட்டையும் அதில் போடுவது ஆசிரியர்களின் வழக்கம். கையும் துளியும் வரைபடமும்தான் வீடியோவில் தெரிந்தன. அவளுடைய முகம் இல்லை. அதனால்தான் கூச்சமில்லாமல் போட முடிந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னரே அது சுற்றிவந்து அவள் வீட்டுக் கதவைத் தட்டியது.

"துஷா, இஞ்ச ஓடிவா! இது உன்ர குரலெல்லே?"

கனகேஸ்வரி பெரியம்மா குசினிக்குள் போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தபடி நின்றாள். துஷாந்தினி தங்கியிருப்பது அம்மாவின் அக்காவான இந்தப் பெரியம்மாவின் தொடர்மாடி வீட்டில். பெரியம்மாவின் தொடர்மாடிக் குழுவுக்கு வந்திருந்த வீடியோவில் முன்னும் பின்னும் வெட்டப்பட்டிருந்தன. பச்சைப் பொட்டுகள் இல்லை. துளி, கறுப்பு, "இதைத்தான் கலப்படம் எண்டு சொல்லுறது" என்ற குரல், பிறகு ஒரு சிறு விரல் அழுத்தும் பொட்டு. கடைப் பெயர் துலக்கமாகத் தெரிந்தது. மேலே யாரோ சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள்: 'பாடசாலை ஆய்வில் அம்பலம். எல்லோருக்கும் பகிருங்கள்.'

அதன் கீழே குரல்பதிவுகள். பெரியம்மா ஒன்றை அழுத்தினாள். ஓர் ஆண்குரல்: "அவையின்ர கடையளில வாங்காதேங்கோ எண்டு நான் எப்பவோ சொன்னனான். ஆர் கேட்டது?"

அவையின்ர கடையள். ஒரு கடை அல்ல. முஸ்லிம் ஆட்களின் எல்லாக் கடைகளும். துஷாந்தினி சோதித்தது ஒரு கரண்டி மஞ்சள் தூளை. இந்த மனிசன் எதைச் சோதித்து முடித்துவிட்டான்?

"நான் கொழும்புக்கு வந்த காலந்தொட்டு அவரிட்டத்தானே வாங்கிறன்" என்று பெரியம்மா பொருமினாள். "வாங்கோ அக்கா வாங்கோ அக்கா எண்டு சிரிச்சுச் சிரிச்சு மாவைத் தந்திருக்கிறார். நானும் அதிலதானே பிள்ளையார் பிடிச்சு வைக்கிறன்! பிள்ளையாரே, மாவுருண்டைக்கெல்லே இவ்வளவு நாளும் அறுகம்புல்லு வைச்சனான்!"

போத்தலை எடுத்து, இருந்த மஞ்சளை அப்படியே குப்பை வாளியில் கொட்டினாள். பிறகு முகம் மலர்ந்தது.

"ஆனா எங்கட பிள்ளைதான் கண்டுபிடிச்சது எண்டு நான் குறூப்பில போட்டிட்டன்."

"ஐயோ பெரியம்மா, ஏன் போட்டனீங்கள்?"

"ஏன்? பொய்யே?"

பொய் இல்லை. துஷாந்தினி தன்னுடைய போனை எடுத்தாள். வகுப்புக் குழுவிலிருந்து வீடியோவை அழித்தாள். வீட்டை விட்டுப் போன ஒன்றுக்குக் கதவைச் சாத்தியதுபோல இருந்தது.

மறுநாள் காலையில் பள்ளிக்கூட அதிபர் இராசரத்தினம் அவளைக் கந்தோர் அறைக்குக் கூப்பிட்டார். ஏச்சு விழும் என்று நினைத்துப் போனாள். அவர் எழுந்து நின்று கைகொடுத்தார்.

"டீச்சர், இதுதான் படிப்பு! பெற்றார் விடிய வெள்ளன தொடங்கிப் போன் எடுக்கினம். இந்த வரைபடத்தை அப்பிடியே வலயக் கண்காட்சிக்கு அனுப்புவம். என்ன?"

"ஓம் சேர்" என்றாள். எதைக் கேட்டாலும் அவளுக்கு முதலில் வருவது அந்தச் சொல்தான்.

சஹ்லா வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

"அவ வரமாட்டா டீச்சர்" என்றாள் பக்கத்து இருக்கை யதுஷா. "அண்டைக்குப் பின்னேரம் பஸ்ஸுக்குள்ள பெடியள் அவவைக் கண்டிட்டு மா, மா எண்டு மாடு மாதிரிக் கத்தினவங்கள். வெள்ளவத்தைக்கு முதலே பம்பலப்பிட்டியில இறங்கி வீட்டுக்கு நடந்து போயிட்டா."

அன்று பள்ளி விட்டதும் துஷாந்தினி அந்த ஒழுங்கைக்குப் போனாள். என்ன கதைப்பது என்று தெரியாமல்தான் போனாள். தைப்பொங்கல் வரும் கிழமை. மற்ற வருஷம் என்றால் அந்தக் கடை வாசலில் கால் வைக்க இடமிருக்காது என்று பெரியம்மா சொல்லியிருக்கிறாள். பச்சரிசியும் பயறும் சர்க்கரையும் அங்கேதான் எல்லோரும் வாங்கிக் கட்டுவார்கள். இப்போது கடைக்குள் ஒருவரும் இல்லை. மூலையில் அரைக்கும் இயந்திரம் துணி போர்த்தி நின்றது.

கல்லாவிலிருந்த ஸவாஹிர் அவளைக் கண்டதும் எழுந்தார். பெற்றோர் கூட்டத்தில் பார்த்த முகம்தான். இரண்டு நாளில் கன்னம் வற்றியிருந்தது. திட்டுவார் என்று துஷாந்தினி பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க டீச்சர்" என்று அவர் ஸ்டூலைத் தோளிலிருந்த துவாயால் துடைத்தார். "ஒக்காருங்க. நீங்க வந்தது நல்லம். ஒங்களுக்கு நான் நன்றி சொல்லணும்."

துஷாந்தினி விழித்தாள்.

"நீங்க படிச்சவங்க. மருந்து ஊத்திப் பாத்துச் சொல்லீக்கிறீங்க. ஏண்ட கடைக்குள்ள நடக்கிறது எனக்குத் தெரியாமப் போச்சு பாருங்க." அவர் இயந்திரத்தைக் காட்டினார். "மூட்ட வாங்குறது, அரைக்கிறது, எல்லாம் ஆமிர்தான். ஏண்ட பொஞ்சாதி மர்லியாட தம்பி. சின்னதுல இருந்து இந்தக் கடைலதான் வளந்தான். கேட்டேன். இல்ல மச்சான், அல்லா மேல ஆணை எண்டான். டீச்சர்மார் பொய் சொல்லுவாங்களா எண்டு கேட்டேன். இல்ல மச்சான், இல்ல மச்சான் எண்டு அதையே சொன்னான். எனக்கு ஆத்திரம். கைய நீட்டிட்டேன். ஆக்கள் பாத்துக்கிட்டு நிக்க."

அவர் வாசலைப் பார்த்தார்.

"மட்டக்குளில கூட்டாளி வீட்டுக்குப் போயிட்டான். போன் எடுக்கிறானில்ல. மர்லியா என்னோட பேசுறதில்ல."

"மஞ்சள்..." என்றாள் துஷாந்தினி.

"முழுக்க முனிசிபல் குப்ப லொறில ஏத்திட்டேன். ஹராமான சாமான் கடைக்குள்ள இருக்க வாணாம் எண்டு. ஒரு பொடிகூட மிச்சம் வெக்கல்ல."

மேலே வீட்டுக்குப் போகும் படியிலிருந்து யாரோ பின்வாங்கும் சத்தம் கேட்டது. சஹ்லாவாக இருக்கவேண்டும்.

துஷாந்தினி வீட்டுக்கு நடந்தாள். அவர் திட்டியிருந்தால் இவ்வளவு கனத்திருக்காது. ஆனாலும் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். உண்மை கசக்கும். அதற்கு நான் என்ன செய்ய? துளி கறுத்தது உண்மைதானே.

அந்தப் பிடி பொங்கலுக்கு முதல்நாள் பகல் வரை தாங்கியது.

பெரியம்மா சந்தையிலிருந்து வந்தாள். கரும்பு, வாழையிலை, பானைக் கழுத்தில் கட்டுவதற்கு இலையும் கிழங்குமாக ஒரு மஞ்சள் கொத்து. வேரில் மண் இன்னும் ஈரமாக ஒட்டியிருந்தது.

"தூளை இனி ஒரு கடையிலயும் நம்பேலாது" என்று கொத்திலிருந்து ஒரு கிழங்கை முறித்துக் கழுவினாள். "இதைத்தான் அரைச்சுப் பிள்ளையார் பிடிக்கப்போறன்." கத்தியால் நறுக்கினாள். வெட்டிய முகம் செம்மஞ்சளாக மினுங்கியது. "பார், இதெல்லோ மஞ்சள்!"

துஷாந்தினியின் பள்ளிப்பைக்குள் அயடீன் போத்தல் அன்றிலிருந்து கிடந்தது. அதை எடுத்துவந்தாள். பெரியம்மாவுக்கு வித்தியாசத்தைக் காட்ட நினைத்தாள். தனக்கும் காட்டிக்கொள்ள ஆசையாக இருந்தது. நல்ல மஞ்சள் கறுக்காது. அதைக் கண்ணால் கண்டால் நெஞ்சிலுள்ள கனம் கொஞ்சம் இறங்கும்.

"பாருங்கோ பெரியம்மா. இது சுத்தமானது. நிறம் மாறாது."

வெட்டிய துண்டில் ஒரு துளி விட்டாள்.

கறுத்தது.

துஷாந்தினி கண்ணைச் சிமிட்டினாள். கத்தியில் ஏதாவது ஒட்டியிருக்கும். கத்தியைக் கழுவி, பலகையைக் கழுவி, கையைக் கழுவி, வேறொரு கிழங்கை முறித்தாள். வெட்டாமல் முறித்த இடத்திலேயே துளியை விட்டாள்.

கறுத்தது. அதே கருநீலம். அதே வேகம்.

"அட கடவுளே!" என்று பெரியம்மா நெஞ்சில் கைவைத்தாள். "கிழங்குக்குள்ளயும் மாவை ஏத்திப்போட்டாங்களோ?"

துஷாந்தினி நிலத்தில் இருந்துவிட்டாள்.

கிழங்கு. அந்தச் சொல் அவள் காதில் இப்போதுதான் விழுந்ததுபோல இருந்தது. கிழங்கென்றால் என்ன? செடி தன் உணவைச் சேமித்து வைக்கும் இடம். எதாகச் சேமிக்கும்? மாப்பொருளாக. உருளைக்கிழங்கு, சேனைக்கிழங்கு, இஞ்சி, மஞ்சள். போன தவணையில் எட்டாம் தரத்துக்கு நிலக்கீழ்த் தண்டு படிப்பித்தபோது இந்த நான்கையும் இதே வரிசையில் கரும்பலகையில் எழுதியவள் அவள்தான். மஞ்சளுக்குள் மா இருக்கும். யாரும் கலக்காமலே இருக்கும். உலகத்தில் எந்தக் கடையின் மஞ்சளில் அந்தத் துளியை விட்டாலும் கறுக்கும்.

அரிசிமா கறுக்கும் என்று காட்டினாள். சுத்தமான மஞ்சள் என்ன ஆகும் என்று பார்க்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டும் என்பது விஞ்ஞானத்தின் அரிச்சுவடி. வகுப்பு கத்திய கத்தலில் அரிச்சுவடியையே மறந்துவிட்டாள்.

"என்னடி பிள்ளை, முகம் வெளுத்துப்போச்சு?"

"கிழங்குக்குள்ள ஒருத்தரும் மா ஏத்தேல்ல பெரியம்மா. மஞ்சளே மாதான். நான்தான் பிழை விட்டிட்டன்."

பெரியம்மா குப்பை வாளியைப் பார்த்தாள். பிறகு தன் போனைப் பார்த்தாள். குறூப்பில் பெருமையாகப் போட்டதை நினைத்திருப்பாள். பெரியம்மா பேசாமல் நின்றதைத் துஷாந்தினி அன்றைக்குத்தான் கண்டாள்.

அதிபருக்குப் போன் எடுத்துத் திக்கித் திக்கிச் சொன்னாள். மறுபக்கம் நீண்ட மூச்சு.

"டீச்சர், இப்ப சனம் இதை மறக்கத் தொடங்கியிருக்கும். நீங்கள் திரும்பவும் ஏன் கிளறுறீங்கள்? கண்காட்சிக்குப் பேர் குடுத்ததை நான் நிப்பாட்டுறன். வரைபடத்தைச் சத்தமில்லாமக் கழட்டிவிடுவம். பள்ளிக்கூடத்தின்ர பேரும் கிடக்கு, உங்கட பேரும் கிடக்கு. என்ன?"

"ஓம் சேர்."

போனை வைத்தபிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்பது உறைத்தது. சத்தமில்லாமல் கழற்றினால் பள்ளிக்கூடத்தின் பெயர் தப்பும். அவளுடைய பெயர் தப்பும். அந்த ஒழுங்கைக் கடையின் பெயர் மட்டும் வீட்டுக்கு வீடு போன்களுக்குள் கறுப்பாகவே கிடக்கும். ஆமிர் கள்ளனாகவே இருப்பான். சஹ்லா பம்பலப்பிட்டியிலேயே இறங்கி நடப்பாள்.

கொத்திலிருந்து இன்னொரு கிழங்கை முறித்து, போத்தலையும் எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். பெரியம்மா தடுக்கவில்லை. தானும் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு பின்னால் வந்தாள்.

கடையில் நெருப்புப்பெட்டி வாங்க வந்த இரண்டு பெண்கள் நின்றார்கள். முன்பென்றால் ஆட்களைக் கண்டதும் துஷாந்தினி திரும்பியிருப்பாள்.

"சேர், ஒரு கத்தி தாங்கோ" என்றாள்.

ஸவாஹிர் புரியாமல் சீஸ் வெட்டும் கத்தியைக் கொடுத்தார். அவள் மண் ஒட்டிய கிழங்கை அவரிடமே நீட்டினாள். "நீங்களே வெட்டுங்கோ." அவர் வெட்டினார். "நீங்களே விடுங்கோ." அவர் துளியை விட்டார்.

கிழங்கு கறுத்தது. நெருப்புப்பெட்டிக்காரப் பெண்களில் ஒருத்தி "யேசுவே" என்றாள்.

துஷாந்தினி சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் ஒன்றையும் விழுங்கவில்லை. மஞ்சளுக்குள் இயற்கையாகவே மாப்பொருள் இருக்கிறது. இந்தச் சோதனை மஞ்சளுக்குச் செய்யக்கூடாத சோதனை. பிழை கடையில் இல்லை. பிழை தன்னில்.

அவருடைய முகம் தெளியும் என்று அவள் நினைத்திருந்தாள். இல்லாவிட்டால் அவர் கத்துவார். இரண்டும் நடக்கவில்லை. அவர் கறுத்த துண்டைப் பார்த்தபடியே நின்றார். பிறகு கையிலிருந்த கத்தியை வைத்துவிட்டுத் தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப ஆமிர்?" என்றார்.

துஷாந்தினி அயடீன் போத்தலை மூடினாள்.

"அவன் இல்ல மச்சான் இல்ல மச்சான் எண்டு சொன்னானே, டீச்சர்."

அவர் கல்லாவில் இருந்துவிட்டார். பெரியம்மா போய்த் தண்ணீர்ப் போத்தலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

படியில் சஹ்லா நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கண்கள் வீங்கியிருந்தன. நேரே வந்து கறுத்த துண்டை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"டீச்சர், அப்ப எங்கட மஞ்சள்ல மா கலந்திருந்திச்சா, இல்லையா?"

இல்லை என்று சொல்லத்தான் துஷாந்தினிக்கு வாய் வந்தது. அந்த ஒரு சொல் போதும். ஆனால் ஒருமுறை தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லித்தான் இவ்வளவும் நடந்தது.

"தெரியாது சஹ்லா. இந்தத் துளியால அதைச் சொல்லவே ஏலாது. கலந்திருக்கு எண்டு சொல்ல எனக்கு ஒரு ஆதாரமும் இருக்கேல்ல. அதை நான் சொல்லியிருக்கவே கூடாது."

சஹ்லா அவளை உற்றுப் பார்த்தாள். மன்னிக்கும் பார்வை அல்ல. பாடத்தில் ஒரு பிழையைக் கண்டுபிடித்த பிள்ளையின் பார்வை.

"அப்ப ஏன் டீச்சர் சிரிச்சீங்க?"

அவள் பார்த்திருக்கிறாள்.

"எல்லாரும் நான் சொல்லுறதைக் கேட்டிச்சினம். அந்தச் சந்தோஷத்தில சிரிச்சிட்டன்" என்றாள் துஷாந்தினி. இதைவிட வெட்கமான ஒன்றை அவள் வாயால் சொன்னதில்லை. "பள்ளிக்கு வருவீங்களா?"

சஹ்லா திரும்பி மேலே ஏறிவிட்டாள்.

பொங்கல் முடிந்து பள்ளி தொடங்கிய நாள், ஒன்பதாம் தரத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவரின் மேசையிலும் ஒரு பொட்டலம் இருந்தது. எல்லோரும் வீட்டு மஞ்சள் கொண்டுவரவேண்டும் என்று துஷாந்தினி குழுவில் எழுதியிருந்தாள். ஏன் என்று எழுதவில்லை. வரைபடம் இன்னும் சுவரில் இருந்தது. கழற்ற வந்த ஆளை அவள் திருப்பி அனுப்பியிருந்தாள்.

மணி அடித்து, கதவைச் சாத்தப் போகும்போது சஹ்லா வந்தாள். யாரையும் பார்க்காமல் தன் இடத்தில் இருந்தாள். பின்னாலிருந்து "மா" என்று ஒரு குரல் தொடங்கியது. யதுஷா திரும்பி முறைத்தாள். அது அடங்கிவிட்டது.

"எல்லாரும் ஒவ்வொரு துளி விடுங்கோ" என்றாள் துஷாந்தினி.

முதல் மேசையில் கறுத்தது. பக்கத்து மேசையில் கறுத்தது. சிரிப்பு எழுந்து, தயங்கி, நின்றது. வரிசை வரிசையாகக் கறுத்துக்கொண்டே போனது. காலி வீதியின் பெரிய கடைகளின் மஞ்சள், கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த மஞ்சள், சீல் வைத்த பெட்டி மஞ்சள், எல்லாம்.

"டீச்சர்!" ஹரிசன் எழுந்தேவிட்டான். "இது எங்கட சித்தி வவுனியாவில தன்ர தோட்டத்தில கிண்டி, தானே காயவைச்சு அரைச்சது! இதுவும் கறுக்குது! எங்கட சித்தி கள்ளியோ?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"பொட்டை ஒட்டுங்கோ" என்றாள் துஷாந்தினி.

ஒவ்வொருவராகப் போனார்கள். கறுப்புப் பொட்டுகள் வெள்ளவத்தை முழுவதும் ஏறின. ரயில் பாதையோரம், சந்தைப் பக்கம், வரைபடத்துக்கு வெளியே வெறும் சுவரில் வவுனியாவுக்காக ஒன்று. கடைசியில் பெரியம்மாவின் தொடர்மாடிக்கு அவளே ஒன்று ஒட்டினாள். ஒழுங்கைக் கடையின் பொட்டு எது என்று இப்போது தேடித்தான் பிடிக்கவேண்டும்.

பையிலிருந்து கிழங்கை எடுத்து முறித்தாள். போனை ஹரிசனிடம் நீட்டினாள்.

"எடு. இந்த முறை என்ர முகத்தையும் எடு."

"டீச்சர், உங்கட முகத்தையோ?"

"ஓம்."

கதவருகே அதிபர் வந்து நின்றதை அவள் கண்டாள். ஆனாலும் கரும்பலகைப் பக்கம் திரும்பவில்லை. முதல் வீடியோவில் கேட்ட குரல் தன்னுடையது என்று தொடங்கினாள். கடையின் பெயரைச் சொன்னாள். ஸவாஹிரின் பெயரைச் சொன்னாள். மஞ்சளை அரைத்த ஆமிர் என்பவர் மேல் பழி விழுந்ததற்கும் தானே காரணம் என்றாள். கிழங்கு கமராவுக்கு முன்னால் கறுத்தது. பின்வாங்கில் யாரும் கேட்கவில்லை என்று சொல்லவில்லை.

அதிபர் உள்ளே வரவில்லை. சிறிது நேரம் நின்று, செருமிவிட்டுப் போய்விட்டார்.

வீடியோவை அவள் வகுப்புக் குழுவில் போட்டாள். பெரியம்மா தொடர்மாடிக் குழுவில் போட்டாள், தான் ஏதோ எழுதி, அழித்து, மீண்டும் எழுதி. அன்றிரவு ஒருவர் பெருவிரல் அடையாளம் போட்டார். யாரோ மீன் விலை கேட்டார்கள். பழைய வீடியோ அதே இரவு வேறொரு குழுவிலிருந்து, அதே சிவப்பு எழுத்துடன், மீண்டும் வந்தது. பெரியம்மா போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் காலை, முதல் பாடத்துக்கு முன், சஹ்லா அவளுடைய மேசைக்கு வந்தாள். மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டு நின்றாள்.

"நேத்து அந்த வீடியோவ வாப்பா ஆமிர் மாமாவுக்கு அனுப்பினாங்க, டீச்சர்."

"என்ன சொன்னவர்?"

"ரெண்டு நீலக் கோடு விழுந்திச்சு. பாத்துட்டார்." அவள் நிறுத்தினாள். "ஒண்டும் எழுதல்ல. வாப்பா விடியிற வர போன கைல வெச்சுக்கிட்டே இருந்தாங்க."

மணி அடித்தது. சஹ்லா தன் இடத்துக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்தாள்.